பேண்ட் தடித்திருக்கிறது, புரோட்டியசோம் முடங்கியிருக்கிறது: இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். செல்லுக்குள் வேண்டாத புரதங்களை வெட்டிச் சிதைக்கும் எந்திரம்தான் புரோட்டியசோம். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் செல்களுக்கு, அதை முடக்கும் மருந்தான போர்டெசோமிப் கொடுத்து 16 மணி நேரம் வைத்திருக்கிறார். புரோட்டியசோமின் பீட்டா-5 துணை அலகுக்கான ஆன்டிபாடியைக் கொண்டு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, வேண்டியதை ஆன்டிபாடியால் கோடாக, அதாவது பேண்டாகக் காட்டும் முறை) போட்டால் பேண்ட் குறையவில்லை, தடித்திருக்கிறது. போதாக்குறைக்கு அதற்கு மேலே இன்னொரு பேண்டும் வந்திருக்கிறது. "ஆன்டிபாடி மோசமா? புரோட்டியசோம் எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது, புரதம் எப்படிச் சிதைகிறது என்று பார்க்க எந்த ஆன்டிபாடியை வாங்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

ஆன்டிபாடி மேல் பழியைப் போட வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. பேண்ட் தடித்தது நிஜம், மேல் பேண்டும் நிஜம், புரோட்டியசோம் முடங்கிக் கிடப்பதும் நிஜமாக இருக்கலாம். ஆன்டிபாடிக்குத் தெரிவதெல்லாம் அங்கே எவ்வளவு புரதம் நிற்கிறது என்பதுதான். வேலை செய்கிறதா, சும்மா நிற்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பதிவேட்டில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு, அன்றைக்கு ஆலையில் எத்தனை மூட்டை அரைபட்டது என்று சொல்ல முடியுமா?

முதலில் அந்த இரண்டு பேண்ட் விஷயத்தை முடித்துவிடுவோம். 20எஸ் என்று சொல்லும் மையத் துகள் ஒரு பீப்பாய் மாதிரி. வளையத்துக்கு ஏழு அலகு, நான்கு வளையம், ஆக 28. வெளி வளையங்கள் இரண்டும் ஆல்ஃபா, நடுவில் இருக்கும் இரண்டும் பீட்டா. ஏழு வகை பீட்டாவில் மூன்றுக்குத்தான் வெட்டும் பல் உண்டு: பீட்டா-1, பீட்டா-2, பீட்டா-5. அந்தப் பல் என்பது முதிர்ந்த புரதத்தின் முதல் அமினோ அமிலமான திரியோனின். ஆனால் புரதம் தயாராகி வரும்போது அந்தத் திரியோனின் முதல் இடத்தில் இருப்பதில்லை. மனித பீட்டா-5 உருவாகும்போது 263 அமினோ அமில நீளம். அதில் முதல் 59 கத்திக்குப் போட்ட உறை மாதிரி. பாதிப் பீப்பாய்கள் இரண்டு ஒன்றோடொன்று பொருந்தும்போதுதான் அந்த உறை கழல்கிறது, பல் வெளியே வருகிறது. கட்டி முடிக்காத புரோட்டியசோம் செல்லுக்குள் கண்டதையும் கடித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

ஆகவே உங்கள் பிளாட்டில் 22, 23 கிலோடால்டன் அருகே தெரிவது முதிர்ந்த பீட்டா-5. அதற்கு மேலே 28 பக்கத்தில் தெரிவது பெரும்பாலும் உறை கழலாத முன்வடிவம். மருந்து கொடுத்த பிறகு மேல் பேண்ட் கூடியிருக்கிறது என்றால் செல் புதிய புரோட்டியசோம்களை அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது கட்டும் வேலை பாதியில் தேங்கி நிற்கிறது. இரண்டுமே உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட தகவல்கள். "கூடுதல் பேண்ட், ஆன்டிபாடி சுத்தமில்லை" என்று மெம்ப்ரேனைத் தூக்கிப் போட்டிருந்தால் நல்ல தகவல் ஒன்று குப்பைக்குப் போயிருக்கும். ஒன்று மட்டும் சரிபாருங்கள்: ஆன்டிபாடியை எந்தத் துண்டுக்கு எதிராக உருவாக்கினார்கள் என்று அதன் விவரத்தாளில் போட்டிருப்பார்கள். கார்பாக்ஸில் முனைக்கு எதிரானது என்றால் இரண்டு வடிவமும் தெரியும். முதல் 59-க்குள் இருக்கும் துண்டு என்றால் முன்வடிவம் மட்டும்தான் தெரியும், முதிர்ந்தது கண்ணிலேயே படாது.

சரி, கீழ் பேண்ட் ஏன் தடிக்க வேண்டும்? போர்டெசோமிப் பீட்டா-5-இன் அந்தத் திரியோனினில் போய் உட்கார்ந்து வாயை அடைக்கிறது. புரதத்தை அழிப்பது அதன் வேலை இல்லை. வாய் அடைபட்டால் என்ன, எடையும் மாறாது, ஆன்டிபாடி ஒட்டும் இடமும் மாறாது. அதோடு செல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. எண்டோபிளாச வலையின் சவ்வில் என்ஆர்எஃப்1 என்று ஒரு புரதம் இருக்கிறது. சாதாரண நாட்களில் அது உருவாகும் வேகத்திலேயே புரோட்டியசோமால் சிதைக்கப்பட்டுவிடும். புரோட்டியசோம் தடுமாறும்போது அது தப்பிப் பிழைக்கிறது, டிடிஐ2 என்ற நொதி அதை வெட்டி விடுவிக்கிறது, வெட்டுப்பட்ட துண்டு உட்கருவுக்குள் போய்ப் புரோட்டியசோம் துணை அலகுகளின் மரபணுக்களை ஒட்டுமொத்தமாக முடுக்கிவிடுகிறது. என்ஆர்எஃப்1 இப்படி மரபணுக்களை முடுக்குவதை 2010-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின; டிடிஐ2-இன் பங்கு பின்னால் தெரியவந்தது. 16 மணி நேரம் அதற்குத் தாராளமான அவகாசம். நீங்கள் பார்த்த தடித்த பேண்ட் அநேகமாக இந்த எதிர்வினைதான். அதாவது தடுப்பான் நன்றாக வேலை செய்திருக்கிறது என்பதற்கு அந்தப் பேண்டே ஒரு சாட்சி.

இதை உறுதிசெய்ய என்ஆர்எஃப்1 ஆன்டிபாடி வாங்கலாம் என்று தோன்றும். வாங்குங்கள், ஆனால் கவனம். அந்தச் சுருக்கப் பெயரில் இரண்டு புரதங்கள் உலவுகின்றன. உங்களுக்கு வேண்டியது என்எஃப்இ2எல்1 என்ற மரபணுவிலிருந்து வருவது, ஜெல்லில் 120 கிலோடால்டனை ஒட்டி ஓடும். மற்றது மைட்டோகாண்ட்ரியா தொடர்பான மரபணுக்களைக் கவனிக்கும் சுவாசக் காரணி, அளவில் இதைவிட மிகச் சிறியது. பட்டியலில் "என்ஆர்எஃப்1" என்று தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

பெயர்க் குழப்பம் அதோடு முடிவதில்லை. மரபணுப் பெயர் பிஎஸ்எம்பி5 என்றால் பீட்டா-5, அது பொருந்திவருகிறது. அதை நம்பி பிஎஸ்எம்பி1 என்றால் பீட்டா-1 என்று முடிவுகட்டினால் தீர்ந்தது கதை. பிஎஸ்எம்பி1 என்பது பீட்டா-6, அதற்கு வெட்டும் பல்லே கிடையாது. நிஜமான பீட்டா-1-இன் மரபணுப் பெயர் பிஎஸ்எம்பி6. பீட்டா-2 பிஎஸ்எம்பி7, பிஎஸ்எம்பி2 என்று எழுதியிருந்தால் அது பீட்டா-4. ஆல்ஃபா பக்கமும் இதே கூத்துதான்: பிஎஸ்எம்ஏ6 என்றால் ஆல்ஃபா-1, பிஎஸ்எம்ஏ7 என்றால் ஆல்ஃபா-4. நான் ஒருமுறை பீட்டா-1 என்று நினைத்து பிஎஸ்எம்பி1 குப்பியை வாங்கி, வெட்டும் திறன் குறைந்தும் அலகு குறையவில்லையே என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு குப்பி வந்ததும் மூடியில் இரண்டு பெயரையும் எழுதிவிடுகிறேன்.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. "புரோட்டியசோம் ஒழுங்குமுறை" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன. மொத்தம் எவ்வளவு இருக்கிறது? அதில் எத்தனை 19எஸ் மூடியோடு சேர்ந்து 26எஸ் என்ற முழு வடிவம் ஆகியிருக்கிறது? வேலை நடக்கிறதா? பல் மாறியிருக்கிறதா? மேலே பாஸ்பேட் ஏறியிருக்கிறதா? யுபிக்விட்டின் (சிதைக்க வேண்டிய புரதத்தின் மேல் அடையாளமாக ஒட்டும் சிறு புரதம்) ஒட்டிய சரக்கு வந்து சேர்கிறதா, தேங்குகிறதா? ஒரே குப்பி இவை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாது. அப்படிச் சொல்லும் விளம்பரத்தைப் பார்த்தால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

மொத்த அளவுக்கு நான் ஆல்ஃபா அலகு ஆன்டிபாடியைத்தான் எடுப்பேன். பீட்டா-1, 2, 5 மூன்றும் சூழலுக்கேற்ப ஆள் மாறக்கூடியவை, ஆல்ஃபா வளையம் அப்படி மாறுவதில்லை. எம்சிபி231 என்று பழைய எலி மோனோகுளோனல் ஒன்று உண்டு. ஆல்ஃபா அலகுகளுக்குப் பொதுவான ஒரு பகுதியைப் பிடிப்பதால் ஏழில் ஆறை ஒன்றாகக் காட்டும். ஒரே கோடாக வராது, 25-லிருந்து 32 வரை நெருக்கமான கொத்தாக வரும். படம் அழகாக இருக்காது, ஆனால் ஓர் அலகு மட்டும் தனியாக ஏறி இறங்கி உங்களை ஏமாற்றும் வாய்ப்பு குறைவு. புரோட்டியசோம் செல்லில் ஏராளமாக இருக்கும் பொருள் என்பதையும் மறக்க வேண்டாம். வழக்கம்போல 30 மைக்ரோகிராம் ஏற்றினால் கெமிலுமினசென்ஸில் பேண்ட் நிரம்பி வழிந்துவிடும், இரண்டு மடங்கு வித்தியாசம்கூடத் தெரியாது. 5, 10 போதும். ஒரே சாம்பிளைப் பாதி பாதியாகக் குறைத்து நான்கு லேன் ஓட்டிப் பாருங்கள். புரதம் பாதியாகும்போது பேண்டும் பாதியாகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அளவைப் பற்றிப் பேச வேண்டும்.

அடுத்தது சேர்க்கை. என் கணக்கில் புரோட்டியசோம் ஒழுங்குமுறையின் பாதி விஷயம் இங்கேதான் இருக்கிறது, ஆனால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாதாரண வெஸ்டர்ன் பிளாட்டில் எஸ்டிஎஸ் என்ற சோப்பைப் போட்டுக் கொதிக்கவைத்ததும் எல்லாம் தனித்தனி அலகாகப் பிரிந்துவிடுகிறது. 26எஸ் ஆக இருந்ததா, வெறும் 20எஸ் ஆக நின்றதா என்பது அழிந்துபோகிறது. இதற்கு, அலகுகளைப் பிரிக்காமல் சேர்ந்த நிலையிலேயே ஓட்டும் நேட்டிவ் ஜெல் போட வேண்டும். செல்லை மென்மையாக உடையுங்கள். பஃபரில் ஏடிபி, மெக்னீசியம், கொஞ்சம் கிளிசரால் இருக்கட்டும். எஸ்டிஎஸ் கூடாது, கொதிக்கவைக்கக் கூடாது. குளிர் அறையில் சில மணி நேரம் பொறுமையாக ஓட்டுங்கள்.

ஓட்டி முடித்த ஜெல்லை எடுத்து, ஏடிபியும் மெக்னீசியமும் சேர்த்த பஃபரில் சக்-எல்எல்விஒய்-ஏஎம்சி என்ற சிறு பெப்டைடைக் கரைத்து, அதில் மிதக்கவிடுங்கள். 37 டிகிரியில் கால் மணியிலிருந்து அரை மணி. புரோட்டியசோம் அந்தப் பெப்டைடை வெட்டும் இடத்தில் ஏஎம்சி விடுபட்டுப் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். மேலே ஒரு கோடு, இரண்டு பக்கமும் மூடி போட்ட 26எஸ். அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு கோடு, ஒரு பக்கம் மட்டும் மூடி போட்டது. நன்றாகக் கீழே 20எஸ் இருக்கும், ஆனால் பெரும்பாலும் மங்கலாகத்தான் தெரியும். காரணம், தனி 20எஸ்-இன் வாசலை ஆல்ஃபா அலகுகளின் முனைகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. 19எஸ் வந்து உட்கார்ந்தால்தான் அந்த வாசல் திறக்கும். அதே பஃபரில் 0.02 சதவீதம் எஸ்டிஎஸ் சேர்த்தால் போதும், வாசல் நெகிழ்ந்து அந்தக் கீழ்க்கோடும் பளிச்சென்று எரியும். முதல் தடவை இருட்டறையில் இதைப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வரும், அது எனக்கு இன்னும் தீரவில்லை.

படம் எடுத்த பிறகு ஜெல்லைத் தூக்கிப் போடாதீர்கள். எஸ்டிஎஸ் கலந்த பஃபரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து மெம்ப்ரேனுக்கு மாற்றுங்கள். ஆன்டிபாடி இங்கேதான் முழுப் பலனைக் கொடுக்கிறது. ஆல்ஃபா ஆன்டிபாடி மூன்று கோட்டையும் காட்டும். 19எஸ்-இன் ஆர்பிடி அலகுகளில் ஒன்றுக்கான ஆன்டிபாடி மேலே உள்ள இரண்டை மட்டும் காட்டும், தனியாக அலையும் 19எஸ் இருந்தால் அதையும் காட்டும். இப்போது ஒளிப்படத்தையும் பிளாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புரதம் இருக்கிறது, ஒளி இல்லை என்றால் தடுப்பான் பல்லை அடைத்திருக்கிறது. இரண்டும் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால் 26எஸ் கழன்றிருக்கிறது. உங்கள் போர்டெசோமிப் சாம்பிளில் முதலாவதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

இதில் நான் அடிபட்ட இடம் ஒன்று உண்டு. வழக்கமாகப் போடும் புரோட்டியேஸ் தடுப்பான் மாத்திரையைப் பழக்கதோஷத்தில் லைசிஸ் பஃபரில் போட்டேன். அதில் ஈடிடிஏ இருந்தது. ஈடிடிஏ மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ள, ஏடிபி பயனில்லாமல் போக, 26எஸ் எல்லாம் கழன்று 20எஸ் ஆகிவிட்டது. கன்ட்ரோல் உட்பட எல்லா லேனிலும் அதே கதை. ஈடிடிஏ இல்லாத மாத்திரையும் கிடைக்கும், அதைத்தான் வாங்க வேண்டும்.

இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியை மணிகளில் ஏற்றி அதைக் கொண்டு புரதத்தைப் பிடித்தெடுப்பது) செய்யப் போகிறீர்கள் என்றால் புரோட்டியசோம் போலப் படுத்தும் இலக்கு வேறு இல்லை. ஆன்டிபாடியின் கனச் சங்கிலி 50 கிலோடால்டன், இலகு சங்கிலி 25. 20எஸ் அலகுகள் எல்லாமே 20-க்கும் 32-க்கும் இடையில், அதாவது இலகு சங்கிலியின் மடியில். ஆர்பிடி அலகுகள் ஆறும் 44-லிருந்து 49 வரை, அதாவது கனச் சங்கிலியின் மடியில். பிடிக்கும்போது முயல் ஆன்டிபாடி, பிளாட்டில் எலி ஆன்டிபாடி என்று மாற்றிப் போடுங்கள், அல்லது மணிகளோடு ஆன்டிபாடியை வேதிப்பிணைப்பால் கட்டிவிடுங்கள். அதோடு, பெப்டைடுக்கு எதிராக உருவாக்கிய ஆன்டிபாடிகள் பலவற்றுக்கு மடிந்து சேர்ந்து நிற்கும் புரோட்டியசோமில் தங்கள் இடம் அகப்படாது. பிளாட்டில் கில்லாடியாக இருந்த குப்பி இங்கே கைவிரிக்கும். விவரத்தாளில் இம்யூனோபிரெசிபிடேஷனுக்குச் சோதித்ததாகப் படத்தோடு போட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது சிதைவின் பக்கம். புரதத்தின் மேல் யுபிக்விட்டின் சங்கிலியாக ஒட்டுகிறது, 26எஸ் அதை அடையாளம் கண்டு உள்ளே இழுத்துத் துண்டாக்குகிறது. இந்த வழியைக் கண்டதற்காக ஆரோன் சீஹனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. யுபிக்விட்டின் ஆன்டிபாடி வாங்கும்போது எது எதைப் பார்க்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். பி4டி1 என்ற ஆன்டிபாடி தனியாகத் திரியும் யுபிக்விட்டினையும் பார்க்கும், ஒட்டியதையும் பார்க்கும். எஃப்கே2 ஒட்டியதை மட்டும், ஒற்றையாக இருந்தாலும் சங்கிலியாக இருந்தாலும். எஃப்கே1 சங்கிலியை மட்டும். இந்த எஃப்கே1 ஐஜிஎம் வகை. வழக்கமான எலி ஐஜிஜி செகண்டரியைப் போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். புரோட்டீன் ஏ, ஜி மணிகளிலும் அது ஒழுங்காக ஒட்டாது.

உங்கள் வேலைக்கு எல்லாவற்றையும்விட உதவுவது கே48 சங்கிலிக்கான ஆன்டிபாடி. யுபிக்விட்டினில் ஏழு லைசின்கள் உண்டு. 48-ஆவது லைசின் வழியாகக் கோத்த சங்கிலிதான் "இதைச் சிதை" என்பதற்கான முக்கிய முத்திரை. 63 வழியாகக் கோத்தது பெரும்பாலும் சமிக்ஞை, டிஎன்ஏ பழுதுபார்ப்பு போன்ற வேறு காரியங்களுக்கு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் ஆன்டிபாடிகள் 2008-ல் வெளியாயின. போர்டெசோமிப் லேனில் கே48 படலம் மேலிருந்து கீழ்வரை கருகருவென்று ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மருந்தைச் சந்தேகப்படுங்கள், அல்லது லைசேட்டை, அதாவது செல்லை உடைத்து எடுத்த சாற்றைச் சந்தேகப்படுங்கள்.

லைசேட்டைச் சொல்லக் காரணம் இருக்கிறது. செல்லை உடைத்த மறுநொடியிலிருந்து யுபிக்விட்டினைக் கழற்றும் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். பனிக்கட்டியில் வைத்தால் கொஞ்சம் மெதுவாகும், நிற்காது. அவற்றில் பெரும்பாலானவை சிஸ்டீனை வைத்து வேலை செய்பவை. அதனால் என்-எதில்மேலிமைட் 10 மில்லிமோலார் அளவில் அப்போதே கரைத்துச் சேர்க்க வேண்டும். நேற்றுக் கரைத்து வைத்தது உதவாது, தண்ணீரில் அது தானே சிதைந்துவிடும். அதே பஃபரில் டிடிடி போட்டால் எதில்மேலிமைட் டிடிடியோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், நொதிக்கு மிஞ்சாது. இன்னும் நல்லது, செல்லின் மேல் நேராகச் சூடான ஒரு சதவீத எஸ்டிஎஸ் ஊற்றி 95 டிகிரியில் வைப்பது. எல்லா நொதியும் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

கவனித்தீர்களா, நேட்டிவ் ஜெல்லுக்கு எது கூடாது என்றேனோ அதுவேதான் இங்கே மருந்து. ஒரே லைசேட்டில் இரண்டையும் பார்க்க நினைக்காதீர்கள். ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு தட்டு வளருங்கள்: ஒன்று மென்மையாக உடைக்க, ஒன்று முரட்டுத்தனமாக உடைக்க.

முரட்டு லைசேட்டில் இன்னொரு லாபமும் உண்டு. புரோட்டியசோமை அடைத்தால் சிதையாமல் மிஞ்சும் புரதங்கள் பல ஒன்றோடொன்று திரண்டு கரையாமல் போகும். மென்மையான பஃபரில் உடைத்து, சுழற்றி, அடியில் படிந்ததை வீசிவிட்டு மேல் நீரை மட்டும் ஓட்டினால், "தடுப்பான் கொடுத்தும் என் புரதம் கூடவில்லையே, அப்படியானால் புரோட்டியசோம் இதைச் சிதைக்கவில்லை" என்று தப்பான முடிவுக்கு வருவீர்கள். அது கூடித்தான் இருக்கும், வீசிய படிவில். ஒருமுறையாவது அந்தப் படிவை எஸ்டிஎஸ்-ல் கரைத்துப் பக்கத்து லேனில் ஓட்டிப் பாருங்கள்.

குறிப்பிட்ட ஒரு புரதம் எவ்வளவு வேகத்தில் சிதைகிறது என்று அறிய சைக்ளோஹெக்ஸிமைடு போட்டுப் புதிய உற்பத்தியை நிறுத்தி, நேரம் நேரமாகச் சாம்பிள் எடுப்பது வழக்கம். அதோடு பி53 அல்லது சி-மிக் ஆன்டிபாடியையும் ஓட்டுங்கள். சாதாரண நிலையில் இரண்டும் அரை மணிக்குள் பாதியாகிவிடும் ரகம், முறை வேலை செய்ததா என்பதற்கு அதுவே உரைகல். ஒரு எச்சரிக்கை: ஹீலா போன்ற சில செல்களில் வைரஸ் புரதத்தாலும், வேறு சில புற்றுசெல்களில் திடீர்மாற்றத்தாலும் பி53-இன் ஆயுளே மாறியிருக்கும், அங்கே சி-மிக் நல்லது. எம்ஜி132 என்ற புரோட்டியசோம் தடுப்பானைக் கொடுத்துச் சிதைவு நின்றது என்று மட்டும் காட்டினால் போதாது. அது கால்பெய்ன், கதெப்சின் போன்ற மற்ற நொதிகளையும் தடுக்கும். எபோக்சோமைசின் என்ற இன்னொரு தடுப்பானிலோ போர்டெசோமிப்பிலோ அதே முடிவு வர வேண்டும். நேரமும் முக்கியம். 4 மணி நேரத்தில் தெரிவதற்கும் 16 மணி நேரத்தில் தெரிவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 16-க்குள் என்ஆர்எஃப்1 விழித்துவிடும், பல செல்கள் சாகவும் தொடங்கிவிடும். அப்போது வழக்கமாக ஒப்பீட்டுக்கு வைக்கும் ஆக்டின் பேண்டையே நம்ப முடியாது, மெம்ப்ரேனில் மொத்தப் புரதச் சாயம் போட்டு ஈடு பார்ப்பதுதான் பத்திரம்.

பல் மாறும் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்டர்ஃபெரான் காமா கொடுத்தால் பீட்டா-1, 2, 5 இடத்தில் பிஎஸ்எம்பி9, பிஎஸ்எம்பி10, பிஎஸ்எம்பி8 வந்து உட்காரும், அதுதான் இம்யூனோபுரோட்டியசோம். இந்த ஆன்டிபாடிகளைச் சோதிப்பது எளிது: இன்டர்ஃபெரான் கொடுத்த செல், கொடுக்காத செல், பக்கத்தில் பக்கத்தில். திசுவை அரைத்து ஓட்டும்போது மட்டும் கவனம். அதற்குள் புகுந்திருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களிலேயே இது நிறைய இருக்கும், உங்கள் திசுவின் செல்தான் மாறியது என்று எழுதிவிடாதீர்கள்.

பாஸ்பேட் ஆன்டிபாடிகள் ஆசை காட்டுபவை. 19எஸ்-இன் இன்னோர் அலகான ஆர்பிஎன்6-இன் 14-ஆவது செரினில் பிகேஏ நொதி பாஸ்பேட் ஏற்றினால் 26எஸ்-இன் வேகம் கூடும் என்று 2015-ல் காட்டினார்கள். ஆர்பிடி3-இன் 25-ஆவது திரியோனினில் டிஒய்ஆர்கே2 ஏற்றுவது 2016-ல் வந்தது. ஆர்பிடி6-இன் 120-ஆவது செரினும் இந்த வரிசையில் உண்டு. நிஜமான ஒழுங்குமுறை என்று பார்த்தால் சுவையான பகுதி இதுதான். ஆனால் பாஸ்பேட் ஏறாத அலகையும் சேர்த்துப் பிடிக்கும் குப்பிகள் இதில் அதிகம். லைசேட்டின் ஒரு பகுதியை, பாஸ்பேட்டைக் கழற்றும் லாம்டா பாஸ்பட்டேஸ் நொதியால் கழுவி ஓட்டுங்கள், பேண்ட் மறைய வேண்டும். ஆர்பிஎன்6 என்றால், பிகேஏவைத் தூண்டும் ஃபார்ஸ்கோலின் கொடுத்த செல்லில் ஏற வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தக் குப்பியைக் கொண்டு எதையும் எழுத மாட்டேன்.

ஆன்டிபாடி நிஜமா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற பொதுக் கேள்வியும் இதில் மறைந்திருக்கிறது. 2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை, அந்தந்த மரபணுவை நீக்கிய செல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏகப்பட்டவை ஏதாவது ஒரு பயன்பாட்டில் தோற்றன. மறுசேர்க்கை முறையில் தயாரித்தவை மற்றவற்றைவிட நன்றாக நின்றன. மரபணுவை நீக்கிய செல்தான் உரைகல்லில் சிறந்தது. ஆனால் புரோட்டியசோமில் அந்த வழி அடைபட்டிருக்கிறது: பிஎஸ்எம்பி5-ஐயோ ஆல்ஃபா அலகையோ முழுதாக நீக்கினால் செல் பிழைக்காது. நீக்கிய செல்லில் சோதித்தோம் என்று மைய அலகு ஒன்றுக்கு விவரத்தாள் சொன்னால் ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். நமக்கு மிஞ்சுவது எஸ்ஐஆர்என்ஏ, அதாவது மரபணுவை நீக்காமல் அதன் புரத உற்பத்தியை மட்டும் குறைக்கும் சிறு ஆர்என்ஏ. அதிலும் கட்டி முடித்த புரோட்டியசோம் நாட்கணக்கில் வாழ்வது, 48 மணி நேரத்தில் பேண்ட் பாதி குறைந்தாலே பெரிது. முன்வடிவ பேண்ட் முதலில் மறையும், முதிர்ந்தது பின்னால் மெல்லக் குறையும். இந்த வரிசையில் வந்தால் ஆன்டிபாடியை நான் நம்புவேன். இன்னொரு வழி, பீட்டா-5-இன் கார்பாக்ஸில் முனையில் சிறு டேக் சேர்த்த செல்லில் பேண்ட் அந்த அளவுக்கு மேலே நகர்கிறதா என்று பார்ப்பது.

கையில் இருக்கும் பணத்துக்கு என்ன வாங்குவேன் என்று கேட்டால்: மறுசேர்க்கை மோனோகுளோனலாக ஓர் ஆல்ஃபா அலகு, ஆர்பிடி அல்லது ஆர்பிஎன் ஒன்று, கே48 ஒன்று. உங்கள் பிஎஸ்எம்பி5 ஏற்கெனவே இருக்கிறது, அது நல்ல குப்பி. பாலிகுளோனல் வாங்கினால் லாட் எண்ணைக் குறித்துவையுங்கள், அடுத்த லாட் வேறு முயலின் ரத்தம். பாஸ்பேட் குப்பிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம், புதிதாக ஏதும் வருவதற்கு முன்னால் ஒரு சோதனை. அதே செல், அதே போர்டெசோமிப், ஆனால் 0, 2, 4, 8, 16 மணி நேரம். ஒவ்வொன்றிலும் பாதியைச் சூடான எஸ்டிஎஸ்-ல் எடுத்து பிஎஸ்எம்பி5 ஓட்டுங்கள், மீதிப் பாதியை மென்மையாக உடைத்து சக்-எல்எல்விஒய்-ஏஎம்சி போட்டு வெட்டும் வேகத்தை அளந்துவிடுங்கள். 2 மணியிலேயே வேகம் சரிந்து, மேல் பேண்ட் அதற்குப் பிறகு மெல்ல ஏறி, கடைசியில் கீழ் பேண்ட் தடித்தால் நான் மேலே சொன்னதுதான் நடக்கிறது. எல்லா நேரத்திலும் வேகம் சரியாமலேயே இருந்தால் படத்தோடு இரண்டு பஃபரின் செய்முறையையும் அனுப்புங்கள். நான் முதலில் பஃபரைத்தான் பார்ப்பேன்.